நிலமும் நீதியும்

முன்னோர் வியர்வை சிந்திச் சேர்த்த நிலத்தை யாரோ ஒருவர் கள்ளக் கையெழுத்திட்டு விற்றுவிட்டால், அது யாருக்குச் சொந்தம்? நம் பினாங்கிலேயே எழுந்த இக்கேள்விக்கு விடை தந்த நீதியரசர் டத்தோஸ்ரீ கோபால் ஸ்ரீ ராம் அவர்களை இம்மலர் வாயிலாக நினைவுகூர விரும்புகிறேன். நான் சட்டம் பயின்றவன் அல்லன். அறிந்ததை எளிமையாகச் சொல்கிறேன்.

1943-இல் பிறந்த அவர், வழக்கறிஞராகப் புகழ்பெற்றார். 1994-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அமைந்தபோது, உயர்நீதிமன்றப் பதவி வகிக்காமலேயே நேரடியாக அங்கு நியமனம் பெற்றார். அரசியலமைப்பின் 5-ஆவது விதி காக்கும் 'உயிர்' என்பதில் பிழைப்பும் அடங்கும் என 1996-இல் தீர்ப்பளித்தார்.

இனி நிலத்துக்கு வருவோம். தஞ்சோங் பூங்ஙாவில் தாய்லாந்து மூதாட்டி ஒருவருக்கு நிலம் இருந்தது. அவர் பெயரில் ஆள்மாறாட்டம் செய்த ஒருவர், போலிப் பத்திரங்களைக் காட்டி அதை ஒரு நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். நிறுவனம் நல்லெண்ணத்துடன் பணம் கொடுத்தே வாங்கியது. 1995-இல் உயர்நீதிமன்றத்தில் மூதாட்டி தோற்றார்.

1997-இல் கோபால் ஸ்ரீ ராம் அத்தீர்ப்பை மாற்றினார். தேசிய நிலச் சட்டத்தின் 340-ஆவது பிரிவின்படி, போலிப் பத்திரத்தால் நேரடியாக வாங்கியவரின் உரிமை செல்லாது. அவரிடமிருந்து நல்லெண்ணத்துடன் வாங்கும் அடுத்தவருக்கே பாதுகாப்பு உண்டு என்றார். ஆனால் 2000 டிசம்பரில் கூட்டரசு நீதிமன்றம் அதனை மறுத்து, நிறுவனத்துக்கே நிலம் என்றது. நில உரிமையாளர்கள் பலர் கலங்கினர்.

இறுதியில் 2010 ஜனவரி 21-ஆம் நாள், வேறொரு வழக்கில், அதே கூட்டரசு நீதிமன்றம் தன் முந்தைய தீர்ப்பு தவறு என ஒப்புக்கொண்டது. 1997-இல் அவர் காட்டிய வழியே நிலைத்தது. அதைக் காண மூதாட்டி உயிருடன் இல்லை, நிலமும் திரும்பவில்லை. நீதியரசரும் 2023 ஜனவரி 29-இல் இயற்கை எய்தினார்.

அன்பர்களே, நல்ல சட்டம் இருந்தாலும் விழிப்பு நம் கடமை. பட்டாவைப் பத்திரமாக வையுங்கள். நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி, பதிவில் யார் பெயர் உள்ளதென அவ்வப்போது பாருங்கள். கோயில் நிலங்களைக் காக்கும் அறங்காவலர்களுக்கும் இதுவே என் பணிவான வேண்டுகோள்.