சம்பளம் தாண்டி ராயல்டி, கன்சல்டன்சி... ஆராய்ச்சியாளர்கள் எப்படிச் சம்பாதிக்கலாம்?

தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அதன் பிறகு முத்து, விஞ்ஞானிகளின் கைக்கு வந்தது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கே.அழகர்சாமி குழுவினர், தூத்துக்குடி அருகே வேப்பலோடையில் 1973-ல் வளர்ப்பு முத்தை உருவாக்கினார்கள். 1981-ல் முத்துச்சிப்பிக் குஞ்சுகளையே பொரிப்பகத்தில் உற்பத்தி செய்தார்கள். பின்னர் அந்தத் தொழில்நுட்பம் ஒரு கம்பெனிக்கும் போனது.

சரி, இப்படி ஒரு கண்டுபிடிப்பு விலைபோனால், கண்டுபிடித்தவருக்கு என்ன கிடைக்கும்?

ராயல்டி

கண்டுபிடிப்பின் உரிமை பெரும்பாலும் வேலை பார்க்கும் நிறுவனத்துக்கே. ஆனாலும் பங்கு உண்டு. மத்திய அறிவியல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் 2000-ம் ஆண்டு வழிகாட்டுதல்படி, அதன் நிதியில் நடந்த ஆராய்ச்சி மூலம் வரும் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை கண்டுபிடித்தவர்களுக்குத் தரலாம். 9 லட்சம் வந்தால், குழுவுக்கு 3 லட்சம் வரை. மற்ற நிறுவனங்களில் இந்தக் கணக்கு மாறும். இதே கடல் மீன்வள நிறுவனம், கடல்பாசியிலிருந்து மூட்டுவலிக்கான கேப்ஸ்யூலைத் தயாரித்து, அந்தத் தொழில்நுட்பத்தைத் தனியாருக்கு வழங்கியிருக்கிறது.

கன்சல்டன்சி

இறால் பண்ணைக்கு நீர்ப் பரிசோதனை, துறைமுகப் பணிகளுக்குச் சுற்றுச்சூழல் ஆய்வு எனக் கடற்கரை ஊரில் தேவை நிறைய. ஆனால், பணம் நேராக உங்கள் பாக்கெட்டுக்கு வரக்கூடாது. நிறுவனத்தின் வழியாக ஒப்பந்தம் போட்டு, அதன் பங்கு போக மீதியைப் பெறுவதே முறை.

எழுத்து

மத்திய அரசுப் பணியாளர் நடத்தை விதி 15-ன்படி, அலுவல் வேலை பாதிக்காத வரை, எப்போதாவது செய்யும் அறிவியல், இலக்கியப் பணிகளுக்கு முன் அனுமதி தேவையில்லை. சொந்தத் தொழிலுக்கும் வேறு வேலைக்கும் அனுமதி கட்டாயம். 'மனைவி பெயரில்தானே கம்பெனி' என்றும் தப்ப முடியாது. குடும்பத்தினர் தொழில் செய்தால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும்.

இதை மறக்காதீங்க!

கண்டுபிடிப்பை முதலில் ஆய்விதழில் வெளியிட்டுவிட்டால், அது ஊரறிந்த விஷயமாகிவிடும். பேட்டன்ட் கிடைப்பது மிகவும் கடினம். அதனால் முதலில் தற்காலிக பேட்டன்ட் விண்ணப்பம், அப்புறம்தான் கட்டுரை. முழு விவரங்களைத் தாக்கல் செய்ய 12 மாதம் அவகாசம் உண்டு.

உங்கள் வீட்டில் பிஹெச்.டி படிக்கும் பிள்ளை இருந்தால், இந்த வரிசையை இன்றைக்கே சொல்லிவையுங்கள். பல வருட உழைப்பு, ஒரே ஒரு அவசரத்தில் கைநழுவிப் போய்விடக் கூடாது!