மஞ்சள் விளக்கை அணைக்கும் முன் கேளுங்கள்!

“விளக்கு மட்டும்தான் எரியுது தம்பி, வண்டி நல்லாத்தான் ஓடுது.”

பழைய ஸ்போர்ட்ஸ் கார் பார்க்கப் போகும் நம் இளைஞர்கள் அடிக்கடி கேட்கும் வசனம் இது. “சென்சர்தான், சின்ன வேலை” என்பது அதற்கடுத்த வசனம். அது உண்மையாகவே சின்ன வேலையாக இருக்கலாம். இன்ஜினை இறக்கிப் பிரித்துக் கட்டும் வேலையாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் எரிவது அதே மஞ்சள் விளக்குதான்.

வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகள் சேமித்த பணம், வங்கிக் கடன், சில வீடுகளில் அப்பாவின் ஜாமீன் கையெழுத்து. இத்தனையும் சேர்ந்துதான் அந்தக் கார் வீட்டு வாசலுக்கு வருகிறது. கார் பட்டறையில் படுத்துக்கொண்டாலும் மாதத் தவணை ஓய்வெடுக்காது. அதனால் அந்த விளக்கின் மொழியைக் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

நிறத்தைப் பாருங்கள்

சிவப்பு விளக்கு என்றால் பேச்சுக்கே இடமில்லை. எண்ணெய் அழுத்த விளக்கு சிவப்பாக எரிந்தால், பாதுகாப்பான இடத்தில் வண்டியை ஓரங்கட்டி உடனே இன்ஜினை நிறுத்த வேண்டும். “அடுத்த டோல் வரைக்கும் போயிடலாம்” என்று ஓட்டினால் இன்ஜினே போய்விடலாம்.

இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு நின்று எரிந்தால், சீக்கிரம் பரிசோதிக்கச் சொல்கிறது. அதுவே விட்டு விட்டு மினுக்கினால் சேதி வேறு. பெட்ரோல் சரியாக எரியாமல் இன்ஜின் ‘மிஸ்ஃபயர்’ ஆகிறது. எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றிக் கெடுத்துவிடும். மினுக்கும் விளக்கோடு வேகம் காட்டக் கூடாது.

எண் ஒரு முகவரி

ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனைகள் கொண்ட ஒரு சின்ன சாக்கெட் இருக்கும். ஓபிடி சாக்கெட் என்பார்கள். அமெரிக்காவில் 1996 முதல் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட முறை. இன்று உலகம் முழுவதும் பரவியிருக்கிறது. கைப்பேசியோடு இணையும் ஸ்கேனரை அதில் செருகினால், கார் பதிந்து வைத்த கோளாறு எண் தெரியும். பிழை நிகழ்ந்த கணத்தில் இன்ஜின் எத்தனை சூட்டில் இருந்தது, எந்த வேகத்தில் சுழன்றது என்பதையும் கார் குறித்து வைத்திருக்கும்.

ஆனால் அந்த எண் ஒரு முகவரிதான், தீர்ப்பு இல்லை. பி0420 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று அது சொல்கிறது. கன்வெர்ட்டர் கெட்டிருக்கலாம், ஆக்சிஜன் சென்சர் தளர்ந்திருக்கலாம், புகைக்குழாயில் கசிவு இருக்கலாம். ஸ்போர்ட்ஸ் கார்களில் இன்னொரு காரணமும் உண்டு: சத்தத்துக்காக முந்தைய உரிமையாளர் கன்வெர்ட்டரையே கழற்றி வீசியிருப்பார். “அது எப்பவும் எரியும், கண்டுக்காதீங்க” என்றும் சொல்வார். அங்கேதான் ஆபத்து. எப்போதும் எரிகிற விளக்கு, நாளை வரும் புதிய கோளாற்றுக்காக இன்னொரு முறை எரிய முடியாது.

ஓர் ஆர்எக்ஸ்-8 சொன்ன பாடம்

என் சித்தி மகன் ஒரு மஸ்டா ஆர்எக்ஸ்-8 பார்த்து வைத்திருந்தான். 2003 முதல் 2012 வரை தயாரான கார். பிஸ்டன் கிடையாது, முக்கோண வடிவில் இரண்டு ரோட்டர்கள் சுழலும் ரோட்டரி இன்ஜின். அழகு, குரல், விலை மூன்றும் அவனுக்குப் பிடித்துவிட்டன. மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தது.

ஸ்கேனரில் இரண்டு எண்கள் வந்தன: பி0302, பி0420. முதலாவது, பின் ரோட்டரில் மிஸ்ஃபயர். இந்தக் காரில் நான்கு இக்னிஷன் காயில்கள், நான்கு ஸ்பார்க் பிளக்குகள். காயில்கள் சீக்கிரம் தளர்வது இதன் பிறவிக் குணம். விற்பவரின் சம்மதத்தோடு, பட்டறையில் முன் ரோட்டரின் காயில்களையும் பின் ரோட்டரின் காயில்களையும் இடம் மாற்றி ஓட்டிப் பார்த்தார்கள். எண் பி0301 ஆனது. மிஸ்ஃபயர் காயிலோடு சேர்ந்து முன்பக்கம் வந்துவிட்டது. ஆக, குற்றவாளி காயில்தான். எல்லாருக்கும் நிம்மதி.

மெக்கானிக் மட்டும் அதோடு விடவில்லை. “கம்ப்ரெஷன் பார்த்துட்டு முடிவெடுங்க” என்றார். ரோட்டரி இன்ஜினுக்கென்றே தனிக் கருவி வேண்டும். ஒரு ரோட்டருக்கு மூன்று முகம், மூன்று அளவு. ஆர்எக்ஸ்-8க்கு நிமிடத்துக்கு 250 சுற்றில் 680 கிலோபாஸ்கல் குறைந்தபட்ச அளவு. முன் ரோட்டர் தேறியது. பின் ரோட்டரில் இரண்டு முகங்கள் அந்தக் கோட்டுக்குக் கீழே.

காயில் மாற்றுவது சில நூறு ரிங்கிட்டில் அடங்கக்கூடிய வேலை. இன்ஜின் கட்டுவது பல ஆயிரம். விற்பவர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தம்பி முன்பணம் கொடுக்காமல் திரும்பினான். முகம் ஒரு வாரம் வாடித்தான் இருந்தது.

விளக்கு எரியாவிட்டால்?

சாவியைத் திருப்பியதும், இன்ஜின் முடுக்கும் முன், மஞ்சள் விளக்கு ஒரு தடவை எரிய வேண்டும். எரியவே இல்லையென்றால் யாரோ கைவைத்திருக்கலாம்.

எண்களை அழித்துவிட்டு விற்பவர்களும் உண்டு. பேட்டரியைக் கழற்றி மாட்டினாலே பல கார்களில் அழிந்துவிடும். ஆனால் அழித்தால் காரின் சுயபரிசோதனைகளும் பூஜ்யத்துக்குப் போகும். ஸ்கேனரில் ‘ரெடினஸ்’ பகுதியைப் பாருங்கள். பல பரிசோதனைகள் ‘முடியவில்லை’ என்று காட்டினால், “அண்ணே, அண்மையில் எதையாவது அழிச்சீங்களா?” என்று கேளுங்கள். சில நாள் ஓட்டிய பிறகு மறுபடி வந்து பார்ப்பதாகச் சொல்லுங்கள்.

ஆர்எக்ஸ்-8 பார்ப்பவர்கள் எண்ணெய் அளவுகோலையும் இழுத்துப் பார்க்க வேண்டும். இந்த இன்ஜின் கொஞ்சம் எண்ணெயை எரித்தபடியே ஓடும்படி செய்யப்பட்டது. “கடைசியா எப்போ எண்ணெய் ஊத்தினீங்க?” என்ற கேள்விக்கு உரிமையாளர் தடுமாறினால், அந்த இன்ஜின் எப்படி வளர்ந்தது என்பது புரிந்துவிடும்.

உரிமை மாற்றத்துக்கான பரிசோதனையில் கார் தேறிவிட்டது என்பதை இன்ஜினுக்கான உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முன்பணத்துக்கு முன், விற்பவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு பட்டறையில், உங்கள் செலவில் ஒரு முறை பாருங்கள். முடிவுகளைத் தாளில் எழுதி வாங்குங்கள். ஜாமீன் போடும் அப்பாவிடம் கடன் பாரத்தோடு அந்தத் தாளையும் காட்டுங்கள். கையெழுத்துப் போடுபவருக்கும் வண்டியின் நிலை தெரியட்டும்.