சதாவதானியும் மிக்ஸட் ரியாலிட்டி கண்ணாடியும்

ஒரே சமயத்தில் நூறு விஷயங்களைக் கவனிப்பவர் சதாவதானி. இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலர் 1907-ல் சென்னை விக்டோரியா மன்றத்தில் அதைச் செய்துகாட்டினார். அவதான நிகழ்ச்சிகளில் என்ன வரும்னு பாருங்க: முதுகில் விழும் கல்லை எண்ணணும், மணியோசையை எண்ணணும், நடுவே ஒருவர் கொடுக்கும் ஈற்றடிக்கு வெண்பா சொல்லணும். எல்லோரும் நினைவாற்றலைத்தான் வியக்கிறார்கள். எனக்கு வேலைப் பங்கீடுதான் ஆச்சரியம். கல் தோலுக்கு, மணி காதுக்கு. மூளையைப் பிழிவது வெண்பா ஒன்றுதான்.

கிறிஸ்டோபர் விக்கன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-களில் முன்வைத்த கோட்பாடும் ஏறக்குறைய இதுதான்: இரண்டு வேலைகள் வெவ்வேறு புலன்வழி வந்தால் மோதல் குறைவு, ஒரே வழியில் வந்தால் அதிகம்.

நிஜ உலகத்தின் மேலேயே எழுத்தையும் அம்புக்குறியையும் மிதக்கவிடும் மிக்ஸட் ரியாலிட்டி கண்ணாடி (ஹோலோலென்ஸ், விஷன் ப்ரோ மாதிரி) இரண்டையும் கண்ணிடமே கொடுக்கிறது. "பார்வையைத் திருப்பவே வேண்டாமே" என்பார்கள். பார்வை திரும்பாததும் கவனம் திரும்பாததும் ஒன்றல்லங்க. நாசா 1980-ல் வெளியிட்ட சிமுலேட்டர் ஆய்வில், கண்ணெதிரே தகவல் மிதக்கும் திரையோடு தரையிறங்கிய விமானிகளில் சிலர் ஓடுபாதையில் நின்ற விமானத்தையே கவனிக்கவில்லை!

கடினம் கூடும்போது என்ன ஆகும்? நிலி லாவி 1995-ல் சொன்னது: முதன்மை வேலை கண்ணுக்கு எளிதாக இருந்தால் மிச்சக் கவனம் மற்றதன் மேல் தானாக வழியும், கடினமானால் மற்றது பதிவாகாமலே போகும்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வரை பேசிக்கொண்டே ஓட்டலாம். கோமுகி அணை தாண்டி கல்வராயன் மலை வளைவுகள் ஆரம்பித்தால் பேச்சு தானாக நிற்கும். பக்கத்து சீட்டில் இருப்பவரும் ரோட்டைப் பார்க்கிறார், அவரும் வாயை மூடிக்கொள்வார். போனில் இருப்பவருக்கு வளைவு தெரியாது, பேசிக்கொண்டே இருப்பார். ரோட்டைக் கணக்கில் எடுக்காத கண்ணாடியும் அந்தப் போன்காரர் மாதிரிதான். ஆபத்து இரண்டு பக்கமும்: கண்ணாடியில் வந்த செய்தியைத் தவறவிட்டால் பரவாயில்லை, அதைப் படிக்கிற வேலை கடினமாகி எதிரே வரும் பஸ்ஸைத் தவறவிட்டால்?

இதற்குப் புதுசா எதுவும் கண்டுபிடிக்க வேண்டாம். ஸ்டியரிங் எவ்வளவு திரும்புகிறது என்பதை இப்போதைய பல கார்களே அளக்கின்றன. அந்த எண்ணைக் கண்ணாடிக்கு அனுப்பி, வளைவுகளில் அறிவிப்புகளை வரிசையில் நிறுத்திவிடலாம். வெள்ளிமலை போய் வண்டியை நிறுத்தினதும் மொத்தமாகக் காட்டட்டும்.