பெரிய பிரேக் போட்டால் கார் சீக்கிரம் நிற்குமா?

ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர்கள் முதலில் மாற்ற ஆசைப்படுகிற பாகங்களில் பிரேக்கும் ஒன்று. சக்கர இடைவெளியில் சிவப்பாகவோ மஞ்சளாகவோ பளிச்சென்று தெரிகிற ஆறு பிஸ்டன் கேலிப்பர், ஓட்டை போட்ட பெரிய டிஸ்க். பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் இத்தனை செலவு செய்தால் கார் முன்பைவிடக் குறைந்த தூரத்தில் நின்றுவிடுமா? சாலையில் ஒரே ஒரு முறை பிரேக் அடித்துப் பார்த்தால், பெரும்பாலும் இல்லை என்பதுதான் பதில். அப்புறம் எதுக்கு மாத்தணும், எதை முதலில் மாத்தணும் என்பதைத்தான் இந்தக் குறிப்பில் பார்க்கப் போகிறோம்.

நிறுத்துவது டயர்

காரை நிறுத்துகிற விசை டயரும் சாலையும் உரசும் இடத்தில்தான் பிறக்கிறது. பிரேக் செய்வது சக்கரத்தின் சுழற்சியைத் தடுப்பது மட்டும். இன்றைக்கு வரும் எந்த நல்ல காரிலும், பெடலை ஓங்கி மிதித்தால் ஏபிஎஸ் வேலை செய்யத் தொடங்கும். அப்படின்னா என்ன அர்த்தம்? சக்கரத்தைப் பூட்டிவிடும் அளவுக்குப் பலம் கம்பெனி பிரேக்கிலேயே இருக்கிறது; டயரின் பிடிதான் முதலில் தீர்ந்துபோகிறது. அதற்கு மேல் எத்தனை பிஸ்டன் சேர்த்தாலும் டயர் கூடுதலாக எதையும் தரப்போவதில்லை. ஒரு முறை நிற்கும் தூரம் குறைய வேண்டும் என்றால் காசைப் போட வேண்டிய இடம் டயர்.

கம்பெனி பிரேக் எங்கே தோற்கிறது என்றால், ஒன்பதாவது முறை, பத்தாவது முறை அடிக்கும்போது. பிரச்சினை பலத்தில் இல்லை, வெப்பத்தில் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு

1400 கிலோ எடையுள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் அதன் இயக்க ஆற்றல் சுமார் 195 கிலோஜூல். 200 கி.மீ. வேகத்தில் சுமார் 2160 கிலோஜூல். வேகம் மூன்று மடங்குக்குச் சற்று மேல். ஆற்றலோ 11 மடங்கு. வேகத்தின் வர்க்கத்தில் ஆற்றல் ஏறுவதால் வரும் வினை இது. ஊருக்குள் சிக்னலில் நிற்கிற பிரேக்குக்கும் டிராக்கில் அடிக்கிற பிரேக்குக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒரு எண்ணிலேயே தெரிந்துவிடும்.

இப்போது அதே கார் நேர்பாதையின் முடிவில் 200-லிருந்து 80-க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1800 கிலோஜூலுக்குக் கொஞ்சம் மேலே வெப்பமாக மாற வேண்டும். நல்ல டயரில் இதற்கு மூன்றரை வினாடிகூட ஆகாது. ஆற்றலை நேரத்தால் வகுத்தால் 530 கிலோவாட், அதாவது 700 குதிரைத்திறனுக்கும் மேலே. 300 குதிரைத்திறன் எஞ்சின் உள்ள காரில்கூட அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் சக்தியோடு வேலை செய்கிற இயந்திரம் பிரேக்தான்!

பிரேக் அடிக்கும்போது எடை முன்னால் சாய்வதால், வேலையில் சுமார் 70 சதவீதம் முன் சக்கரங்களுக்குப் போகிறது என்று கொள்வோம். முன் டிஸ்க் ஒவ்வொன்றும் 8 கிலோ வார்ப்பிரும்பு. வார்ப்பிரும்பு ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 460 ஜூல் போதும். வகுத்துப் பார்த்தால், அந்த ஒரே ஒரு பிரேக்கில் முன் டிஸ்க்கின் சராசரி வெப்பநிலை சுமார் 170 டிகிரி ஏறுகிறது. காற்றின் எதிர்ப்பும் எஞ்சின் தடையும் இதில் கொஞ்சம் கழியும்; அதைத் தள்ளினாலும் கணக்கின் அளவு மாறாது. அடுத்த திருப்பத்துக்குள் அது முழுதாக ஆறவில்லை என்றால், மிச்சச் சூட்டின் மேல் இன்னொரு 150, 170 ஏறும். இப்படி நாலைந்து திருப்பத்துக்குள் 500 டிகிரியைத் தொடுவது ஆச்சரியமே இல்லை.

இதே காரணம்தான் டிஸ்க் பிரேக்கை உலகம் ஏற்றுக்கொண்டதற்குப் பின்னாலும் இருக்கிறது. பிரிட்டனின் ஃபிரெடெரிக் லான்செஸ்டர் 1902-லேயே டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனாலும் அரை நூற்றாண்டு காலம் கார்கள் டிரம் பிரேக்கிலேயே ஓடின. 1953 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் சி-டைப் ஜெயித்தது. டிரம்முக்குள் சூடு அடைந்து கிடந்தது. டிஸ்க் வெளிக்காற்றில் சுற்றியது. மற்ற ஓட்டுநர்கள் நீண்ட நேர்பாதையின் முடிவில் பிரேக்கைக் காப்பாற்ற முன்னதாகவே மிதிக்க வேண்டியிருந்தபோது, ஜாகுவார் ஓட்டுநர்களால் தாமதமாக மிதிக்க முடிந்தது. அதையும் மணிக்கணக்காகத் திரும்பத் திரும்பச் செய்ய முடிந்தது.

தோற்பது இரண்டு விதம்

சூட்டில் பிரேக் விட்டுவிடுவதைப் பொதுவாக ‘ஃபேட்’ என்கிறார்கள். அதில் இரண்டு வகை உண்டு. காலால் உணர்ந்தே இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடலாம்.

முதலாவது, பேடு தோற்பது. பெடல் கல் மாதிரி இறுக்கமாகவே இருக்கும், மிதிக்க மிதிக்க கார்தான் நிற்காது. பேடில் உள்ள பொருட்களைப் பிணைத்துவைக்கும் பிசின் அளவுக்கு மீறிச் சூடாகி வாயுவை விடுகிறது, உராய்வு விழுந்துவிடுகிறது. கொஞ்சம் ஆறவிட்டால் பெரும்பாலும் திரும்பி வரும்.

இரண்டாவது, பிரேக் ஆயில் கொதிப்பது. பெடல் பஞ்சு மாதிரி ஆகி, தரை வரை போய்விடும். இதுதான் உயிரை எடுப்பது. மெக்கானிக் அதை ‘ஆயில்’ என்று சொன்னாலும் நாம் கார்களில் ஊற்றும் சாதாரண வகை எண்ணெய் அல்ல. கிளைக்கால் ஈதர் வகைத் திரவம். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, அதனால்தான் காலின் விசை அப்படியே பிஸ்டனுக்குப் போய்ச் சேர்கிறது. கொதித்தால் உள்ளே ஆவிக்குமிழி உண்டாகும். குமிழி சுருங்கும். நீங்கள் மிதிக்கிற மிதி எல்லாம் குமிழியைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும்.

இந்தத் திரவத்துக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு: காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அதனால்தான் டப்பாவில் இரண்டு கொதிநிலை போடுகிறார்கள். டாட் 4 தரத்துக்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 230 டிகிரி. ஈரம் ஏறிய பின் 155 டிகிரி. டாட் 3-க்கு 205, 140. டாட் 5.1-க்கு 260, 180. பந்தயத்துக்கென்று விற்கப்படும் திரவங்கள் புதிதாக இருக்கையில் 300-ஐத் தாண்டும். மூன்று வருஷமாக மாற்றாத பிரேக் ஆயிலோடு டிராக்கில் இறங்குகிறவர், 230 என்று நினைத்துக்கொண்டு 155-ஐ நம்பி ஓட்டுகிறார். காரைப் பார்த்தால் இது எதுவும் தெரியாது. ஊருக்குள் ஓட்டினாலும் தெரியாது.

எதை முதலில் மாற்றுவது

சாலையிலும் ஓட வேண்டும், எப்போதாவது டிராக்கிலும் ஓட வேண்டும் என்கிற காருக்கு, செலவு குறைந்ததிலிருந்து ஏறிப் போகிற வரிசை இது. காசு மிச்சமாவதோடு, பலனும் இந்த வரிசையில்தான் கிடைக்கும்.

1. பிரேக் ஆயில். நல்ல டாட் 4 அல்லது பந்தயத் திரவம் ஊற்றி, நாலு சக்கரத்திலும் முழுசா ஏர் எடுக்க வேண்டும். பந்தயத் திரவங்களைச் சாதாரணக் காரைவிட அடிக்கடி மாற்ற வேண்டும். டிராக் நாளுக்கு முன்னால் ஒரு முறை மாற்றுவது நல்ல பழக்கம். டாட் 5 என்று தனியாக ஒன்று உண்டு. அது சிலிக்கோன். எண் பெரிதாக இருக்கிறதே என்று அதை வாங்கி ஊற்றக்கூடாது. மற்றவற்றோடு கலக்காது, ஏபிஎஸ் உள்ள காருக்கும் ஆகாது.

2. பேடு. டிராக்கில் பெரிய மாற்றம் தருவது இதுதான். ஆனால் எந்தப் பேடும் எல்லாச் சூட்டிலும் நல்லா வேலை செய்யாது. சாலைப் பேடு குளிரிலேயே பிடிக்கும், சத்தம் போடாது, 400 டிகிரியை நெருங்கும்போது தள்ளாடும். முழுப் பந்தயப் பேடு அதற்கும் வெகு மேலே தாங்கும். ஆனால் காலையில் வீட்டு வாசலிலிருந்து கிளம்பி முதல் சிக்னலில் மிதித்தால் எதிர்பார்த்த பிடி இருக்காது. கீச்சென்று கத்தும், டிஸ்க்கைத் தின்னும். பள்ளிக்கூட வாசலில் குழந்தை குறுக்கே ஓடினால் அந்தப் பேடு சூடாகும் வரை காத்திருக்க முடியாது இல்லையா? அதனால் இரண்டுக்கும் இடைப்பட்ட வகை ஒன்று, அல்லது டிராக் நாளுக்கு மட்டும் தனிப் பேடு மாற்றிக்கொள்வது.

புதுப் பேடைப் ‘பழக்குவது’ முக்கியம். மிதமான வேகத்திலிருந்து படிப்படியாகக் கடினமாக்கிப் பல முறை பிரேக் அடித்து, முழுசா நிறுத்தாமல் ஓட்டி ஆறவிட வேண்டும். இதில் பேடின் பொருள் டிஸ்க்கின் மேல் மெல்லிய, சீரான படலமாகப் படிகிறது. சீராகப் படியாவிட்டால் ஸ்டியரிங் அதிரும். ‘டிஸ்க் வளைஞ்சுபோச்சு’ என்று சொல்லப்படும் பல வழக்குகளில் வளைவு எதுவும் கிடையாது, திட்டுத் திட்டாகப் படிந்த பேடுப் பொருள்தான்.

3. காற்று. இதைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். டிஸ்க்கின் எடை ஒரு முறை அடிக்கும்போது எவ்வளவு சூடு ஏறும் என்பதைத் தீர்மானிக்கிறது. அரை மணி நேரம் ஓட்டினால் சராசரியாக எந்தச் சூட்டில் நிற்கும் என்பதைக் காற்று தீர்மானிக்கிறது. முன் பம்பரிலிருந்து ஒரு குழாய் வைத்து, டிஸ்க்கின் நடுப்பகுதிக்குக் காற்றைக் கொண்டுபோக வேண்டும். உள்ளே இருக்கும் இறக்கைகள் அதை நடுவிலிருந்து இழுத்து விளிம்பு வழியாக வெளியே தள்ளும். டிஸ்க்கின் முகத்தில் மட்டும் காற்றடித்தால் ஒரு பக்கம் மட்டும் குளிரும்.

4. ஸ்டீல் பின்னல் ஹோஸ். ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் லேசாக உப்பும், இது உப்பாது. பெடல் இறுக்கமாகவும் துல்லியமாகவும் இருக்கும். சூட்டுக்கு இதனால் எந்தப் பயனும் இல்லை.

5. பெரிய டிஸ்க், பெரிய கேலிப்பர். மேலே சொன்ன நாலும் செய்த பிறகும் சூடு கட்டுக்குள் வரவில்லை என்றால்தான் இது. 8 கிலோ டிஸ்க்குக்குப் பதில் 10 கிலோ போட்டால், நம் கணக்கில் 170 டிகிரி ஏறியது 140-க்குள் வந்துவிடும். ஆனால் அந்த எடை ஸ்பிரிங்குக்குக் கீழே சக்கரத்தோடு சேர்கிறது. ரிம்முக்குள் இடம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. முன் கேலிப்பரின் பிஸ்டன் பரப்பு கூடினால் முன் சக்கரத்துக்குப் போகும் பங்கு கூடுகிறது. பின் சக்கரங்கள் தங்கள் பிடியைப் பயன்படுத்தும் முன்பே முன் சக்கரங்கள் எல்லையைத் தொட்டுவிடும். மாஸ்டர் சிலிண்டர் பழையதே என்பதால் பெடலும் நீளமாக இறங்கும். முடிவில், இவ்வளவு செலவு செய்த பின் நிற்கும் தூரம் கூடியிருக்கும். பிஸ்டன் பரப்பையும் முன்-பின் பங்கையும் கணக்குப் போட்டு, அந்தக் காருக்கென்றே செய்யப்பட்ட கிட் என்றால் மட்டும் வாங்கலாம்.

ஓட்டை போட்ட டிஸ்க் அழகு. ஆனால் கடும் சூட்டில் விரிசல் ஓட்டைகளின் ஓரத்தில்தான் தொடங்கும். டிராக்குக்கு வரி வெட்டிய டிஸ்க்கோ வெறும் டிஸ்க்கோ போதும். கார்பன் செராமிக் டிஸ்க் இரும்பில் ஏறக்குறைய பாதி எடைதான். ஆனால் டிராக்கில் தேய்த்துவிட்டால் மாற்றுகிற விலை கண்ணைக் கட்டும். அதனால் டிராக்கில் அதிகம் ஓட்டுகிற போர்ஷே சொந்தக்காரர்களில் பலர், செராமிக்கைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு இரும்பு டிஸ்க் பூட்டிக்கொள்கிறார்கள்.

சூட்டை அளக்காமல் செலவு செய்யாதீர்கள்

இதற்கென்று வெப்ப வண்ணம் கிடைக்கிறது. டிஸ்க்கின் விளிம்பில் மூன்று நிறத்தில் பூசி ஓட்டிவிட்டு வந்து பார்க்கலாம். பரவலாகக் கிடைக்கும் ஒரு தொகுப்பில் பச்சை 430 டிகிரியிலும், ஆரஞ்சு 560-லும், சிவப்பு 610-லும் நிறம் மாறும். பச்சைகூட மாறவில்லையா? உங்களுக்குப் பெரிய கிட் தேவையே இல்லை. மூன்றும் மாறிவிட்டதா? பேடையும் காற்றையும் பற்றி யோசியுங்கள்.

சாலையும் டிராக்கும் ஒன்றாகும் இடம்

ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் இதற்கு நல்ல உதாரணம். 1927-ல் திறந்த அந்தப் பழைய வடக்குச் சுற்று 20.8 கி.மீ. நீளம், மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வித்தியாசம் சுமார் 300 மீட்டர். பொதுமக்கள் நாட்களில் கட்டணம் கட்டி யாரும் சொந்தக் காரில் சுற்றலாம். ஷ்வேடன்க்ராய்ட்ஸில் பறந்து வந்து உடனே ஆரம்பெர்க் திருப்பத்துக்கு ஓங்கி மிதிக்க வேண்டும். ஆனால் அந்த நாட்களில் அங்கே சாலை விதிகள்தான் செல்லும். ஐரோப்பாவில் மாற்றுப் பேடுகளுக்கு ஆர்90 என்ற அங்கீகாரம் இருக்கிறது. அது இல்லாத பந்தயப் பேடு அந்தச் சாலையில் சட்டப்படி செல்லாது. நம் ஊரில் இருங்காட்டுக்கோட்டைக்குப் போகிறவருக்கும் அடிப்படைச் சிக்கல் இதேதான்: டிராக்கில் ஓட்டிய அதே காரில்தான் வீட்டுக்கும் திரும்ப வேண்டும்.

அந்தத் திரும்பும் பயணம்தான் பலர் மறந்துவிடுவது. ஓட்டி முடித்து நிறுத்தியவுடன் காற்று நின்றுவிடுகிறது. டிஸ்க்கின் சூடு பேடு வழியாகப் பிஸ்டனுக்கும், அங்கிருந்து திரவத்துக்கும் நகர்கிறது. ஓடும்போது கொதிக்காத திரவம் நிறுத்திய பின் கொதிக்கலாம். தேய்ந்து மெலிந்த பேடு சூட்டை இன்னும் எளிதாகக் கடத்தும்; அதனால் பாதி தேய்ந்த பேடோடு டிராக்குக்குப் போகாமல் இருப்பது நல்லது. கடைசிச் சுற்றை பிரேக்கை அதிகம் தொடாமல் மெதுவாக ஓட்டுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விடுங்கள். சூடான பேடு ஒரே இடத்தில் அழுந்தி நிற்கக் கூடாது. கிளம்பும் முன் நின்ற இடத்திலேயே பெடலை ஒரு முறை மிதித்துப் பாருங்கள். முன்பைவிடக் கீழே இறங்கினாலோ பஞ்சு மாதிரி இருந்தாலோ, ஏர் எடுத்துப் புதுத் திரவம் ஊற்றும் வரை அந்தக் காரைச் சாலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.