விசாவில் என்ன எழுதியிருக்கிறது?

"விசா வந்துவிட்டது, அடுத்த கிழமை பயணம்." யட்டியாந்தோட்டை, தெரணியகலை, பலாங்கொடை, இறக்குவானைப் பக்கத்து லயங்களில் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கிறேன். "என்ன விசா?" என்று கேட்டால், "அது ஏஜென்சிக்காரருக்குத்தான் தெரியும்" என்கிறார்கள். போகப் போவது நாங்கள். அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று எங்களுக்கல்லவா முதலில் தெரிய வேண்டும்?

ஒரு தாள் ஒரு குடும்பத்தை என்ன பாடுபடுத்தும் என்பது தோட்ட மக்களுக்குப் புதிதல்ல. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எமது முன்னோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. இந்தியக் கடவுச்சீட்டு எடுத்தவர்களில் பலர், 1984இல் தலைமன்னார் கப்பல் நின்றதும் போக வழியின்றி இங்கேயே தங்கினார்கள். விசாக் காலம் முடிந்து, பிறந்த மண்ணிலேயே அந்நியரானார்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பின்னர்தான் அவர்களும் இலங்கைப் பிரஜையாக வழி பிறந்தது.

கடவுச்சீட்டு வேறு, விசா வேறு

கடவுச்சீட்டு எமது நாடு தருவது. நாம் யார் என்பதற்கு அது அத்தாட்சி. விசா, நாம் போகும் நாடு தரும் அனுமதி. எதற்காக வரலாம், எவ்வளவு காலம் தங்கலாம் என்பதை அது சொல்லும். விசா இருந்தாலும், உள்ளே விடுவதா இல்லையா என்பதை விமான நிலையத்தில் அந்நாட்டுக் குடிவரவு அதிகாரியே தீர்மானிப்பார்.

சுற்றுலா விசாவில் போனவர் வேலை செய்ய முடியாது. செய்தால் அந்நாட்டுச் சட்டப்படி அவர் குற்றவாளி. சம்பளம் தராவிட்டாலும், அடித்தாலும், முறைப்பாடு செய்யப் பயப்பட வேண்டிய நிலை அவருக்கு. "முதலில் விசிட் விசாவில் போங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்பவரின் பேச்சை நம்ப வேண்டாம். 2022இல் ஓமானில் நடந்தது இதுதான். விசிட் விசாவில் ஐக்கிய அரபு இராச்சியத்துக்குக் கூட்டிச் செல்லப்பட்ட எமது பெண்கள் அங்கிருந்து ஓமானுக்குக் கடத்தப்பட்டார்கள். பலர் மஸ்கட்டிலுள்ள பாதுகாப்பு இல்லத்தில் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

வேலை விசாவிலும் வகைகள் உண்டு. குவைத்தில் வீட்டுப் பணிப்பெண்ணுக்கு 20ஆம் இலக்க விசா, தனியார் கம்பனி வேலைக்கு 18ஆம் இலக்க விசா. "கிளீனிங் கம்பனி வேலை" என்று சொல்லிவிட்டு 20ஆம் இலக்க விசாவைத் தந்தால், உங்களை ஒரு வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று அர்த்தம்.

வளைகுடா நாடுகளில் 'கஃபாலா' முறைப்படி, வேலை தரும் எஜமானரே எமது விசாவுக்குப் பொறுப்பு. அவருடைய வீட்டை விட்டு வெளியேறினால், ஓடிவிட்டாள் என்று அவர் முறைப்பாடு செய்யலாம். சவூதி 2021இல் தொழிலாளர் வேலை மாறுவதை இலகுவாக்கியபோதும் வீட்டுப் பணிப்பெண்களை அதில் சேர்க்கவில்லை.

வயதை மாற்றினால்

யுத்தத்தால் இடம்பெயர்ந்த சகோதரிகள் பலரிடம் பிறப்புச் சான்றிதழ் இல்லை. 1977, 1981, 1983 வன்செயல்களில் தோட்டங்களை விட்டு வன்னிக்கு ஓடி, அங்கும் எல்லாவற்றையும் இழந்தவர்களின் நிலையும் அதுவே. "தாள் எல்லாம் நான் செய்து தருகிறேன்" என்று உப முகவர் வருவது இந்த இடத்தில்தான்.

மூதூரைச் சேர்ந்த றிசானா நபீக்கை எல்லோருக்கும் நினைவிருக்கும். அவர் 1988இல் பிறந்தவர். கடவுச்சீட்டில் 1982 என்று எழுதப்பட்டிருந்தது. 2005இல் 17 வயதில் சவூதிக்குப் போனார். அவர் பார்த்துக்கொண்ட குழந்தை இறந்தபோது, தாளில் இருந்த வயதே அவருக்கு எதிராக நின்றது. 2013 ஜனவரி 9ஆம் திகதி மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஆகவே தாள் இல்லாவிட்டால் பொய்த் தாள் செய்யாதீர்கள். பிறப்பு பதியப்பட்ட பிரிவின் பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்கலாம். பதியவே இல்லையென்றால் காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்கலாம்.

போகுமுன் பாருங்கள்

• விசாவில் உள்ள பெயர், பிறந்த திகதி, கடவுச்சீட்டு இலக்கம் சரியா?

• எந்த நாடு, என்ன தொழில், எவ்வளவு காலம்? ஒப்பந்தத்திலும் அதுவேதானா? வாசிக்கத் தெரியாவிட்டால், நம்பிக்கையான ஒருவரிடம் தமிழில் சொல்லக் கேளுங்கள்.

• முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா? வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்தில் கேளுங்கள். பிரதேச செயலகத்திலுள்ள வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தரிடமும் விசாரிக்கலாம்.

• பணியகத்தில் பதிவு செய்தீர்களா? பதிவு செய்தவருக்கே காப்புறுதி கிடைக்கும்.

• கடவுச்சீட்டு, விசா, ஒப்பந்தம் மூன்றின் பிரதிகளையும் வீட்டில் ஒருவரிடம் கொடுத்தீர்களா? போய்ச் சேர்ந்ததும் கடவுச்சீட்டை எஜமானர் வாங்கி வைத்துக்கொண்டால், தூதரகத்துக்குக் காட்ட அந்தப் பிரதிதான் உதவும்.

புறப்படுமுன் கையில் காசு தருகிறார்கள் என்று அவசரப்பட வேண்டாம். இடையில் திரும்பி வர நினைத்தால் அந்தக் காசையே திருப்பிக் கேட்பார்கள். கடன், பிள்ளைகளின் படிப்பு, உடைந்த வீடு என்று போவதற்குக் காரணங்கள் பல உண்டு. போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால், விசாவைக் கையில் வாங்கி, ஒவ்வொரு வரியும் விளங்கிய பிறகு பயணத்தைத் தீர்மானியுங்கள். விளங்காத தாளோடு விமானம் ஏறாதீர்கள்.