வெடிச்சத்தம் கேட்டா எந்தப் பக்கம் ஓடணும்?

எனக்குச் சொந்த ஊர் மல்லாங்கிணறு. விருதுநகர்ல இருந்து காரியாபட்டி போற ரோட்டுல இருக்கு. எங்க பக்கம் தூரத்துல 'டமார்'னு கேட்டா, முதல் கேள்வி "எந்த ஊருடா?" அடுத்த நிமிஷம் நாலு பைக் கிளம்பிடும். பாதிப் பேர் உதவ, பாதிப் பேர் வேடிக்கை பார்க்க. இன்னைக்கு எபிசோட் அந்த பைக்குகளைப் பத்திதான்.

2012 செப்டம்பர் 5. சிவகாசி பக்கத்துல முதலிப்பட்டி, ஓம் சக்தி பட்டாசு ஆலை. தீ பிடிச்சதும் சுத்து வட்டாரத்து ஜனங்க ஓடி வந்தாங்க. அப்புறம்தான் பெரிய வெடி. ஏறத்தாழ 40 பேர் இறந்தாங்க. அதுல பலர் அந்த ஆலையில வேலையே பார்க்காதவங்க. காப்பாத்தப் போனவங்களும் பார்க்கப் போனவங்களும்.

இதே சிக்கலை வேற ஒரு கூட்டம் ரொம்ப நாளா யோசிச்சிருக்கு. அமெரிக்கா மாதிரி நாடுகள்ல போலீஸ் அதிரடிப்படையோட கூடவே போற பாராமெடிக்ஸ். துப்பாக்கிச் சூடு நடக்கிற இடத்துல அவங்க முதல்ல கேக்கிறது "காயம் எங்கே?" இல்ல, "ஆபத்து முடிஞ்சுதா?"

அந்த இடத்தை மூணா பிரிச்சுக்குவாங்க.

ஹாட் ஸோன்: ஆபத்து நேரடியா இருக்கு. இங்க வைத்தியமே கிடையாது. முடிஞ்சா ஆளை வெளிய இழுக்கணும், இல்லன்னா கையில கால்ல பீறிடுற ரத்தத்துக்கு ஒரு இறுக்கக் கட்டு. அவ்வளவுதான்.

வார்ம் ஸோன்: ஆபத்து தள்ளி இருக்கு, ஆனா முடியல. போலீஸ் பாதுகாப்போட ரத்தத்தை நிறுத்துறது, மூச்சு போக வழி பண்றது.

கோல்ட் ஸோன்: ஆம்புலன்ஸ், ட்ரிப், மத்த எல்லாம்.

நடுவுல ஒண்ணு எதுக்கு? 1999ல கொலம்பைன் ஸ்கூல் துப்பாக்கிச் சூடு. உள்ளே பாதுகாப்பு இல்லன்னு உதவி தாமதமாச்சு. குண்டடிபட்ட ஒரு ஆசிரியர் மூணு மணி நேரத்துக்கு மேல காத்திருந்து ரத்தம் போயே இறந்துட்டார். அவசரப்பட்டாலும் உயிர் போகும், ரொம்ப காத்திருந்தாலும் போகும். அந்த இடைவெளிக்குத்தான் வார்ம் ஸோன்.

நம்ம ஊருக்கு வருவோம். இங்க யாரும் சுடல. ஆனா வெடிக்காத மருந்து பக்கத்து அறையில இருக்கும், காயப்போட்ட சரக்கு களத்துல கிடக்கும். வெடிச்சது ஒரு அறை, மிச்சம் இன்னும் ஹாட் ஸோன். 2024 மே 1ஆம் தேதி காரியாபட்டி பக்கம் ஆவியூர்ல கல்குவாரி வெடிமருந்து கிடங்கு வெடிச்சு 3 பேர் இறந்தாங்க. ஸோ, இது பட்டாசு ஊர் பிரச்சினை மட்டும் இல்ல.

உள்ளே போகலாமான்னு சொல்ல வேண்டியது தீயணைப்புத் துறை. 2008ல இருந்து ஓடுற 108 வண்டியில வர்ற டெக்னீஷியனுக்கும் முதல் பாடம் இடம் பாதுகாப்பான்னு பாக்கிறதுதான். அவங்க வர்ற வரைக்கும் இருக்கிறது நாமதான். செய்யக்கூடியது இவ்வளவு:

ஒண்ணு, 108க்குச் சொல்லும்போது பட்டாசு ஆலைன்னு சொல்லுங்க. எந்த ஊர், எத்தனை பேர், இன்னும் வெடிக்குதான்னும் சொல்லுங்க.

ரெண்டு, பைக்கை ரோட்டுல நிறுத்தாதீங்க. ஆம்புலன்ஸுக்கு இருக்கிறது பல இடத்துல அந்த ஒரு மண்ரோடுதான்.

மூணு, தானா வெளிய வந்தவங்களைக் கவனிங்க. ரத்தம் வந்தா சுத்தமான துணியால விடாம அழுத்துங்க. தீக்காயத்துக்கு சாதா தண்ணி, 20 நிமிஷம். பேஸ்ட், மை எதுவும் தடவாதீங்க.

இதை ஒரு ஃப்ரெண்ட்கிட்ட சொன்னேன். "உள்ளே இருக்கிறது உன் சித்தின்னா நிப்பியாடா?"ன்னு கேட்டான். எங்க ஊர்ப் பக்கம் அது கற்பனைக் கேள்வி கிடையாது. நிப்பேன்னு அடிச்சுச் சொல்ல எனக்கு வாய் வரல. ஆனா அந்த நிமிஷத்துல புதுசா யோசிக்க முடியாது, முன்னாடியே யோசிச்சு வச்சாத்தான் உண்டு. அதுக்காகத்தான் இந்த எபிசோட். வீட்டு வாட்ஸ்அப் குரூப்ல போட்டு விடுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.