கையிலே துப்பாக்கி! கற்றதற்குச் சான்று எங்கே?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலே ஒருவர் முடிதிருத்தும் தொழில் செய்ய விரும்பினால், பள்ளியிலே நூற்றுக்கணக்கான மணி நேரம் பயில வேண்டும். தேர்விலே தேற வேண்டும். உரிமம் பெற வேண்டும். கத்தரிக்கோல் பிடிக்கும் கைக்கு இத்தனை கட்டுக்காவல்!

அதே டெக்சாசிலே, 2021 செப்டம்பர் முதல் நாள் தொட்டு, 21 வயது நிரம்பியவர், சட்டத்தால் தடுக்கப்படாதவர் எவராயினும், கைத்துப்பாக்கியை இடுப்பிலே செருகி, சட்டைக்குள்ளே மறைத்து, கடைவீதியிலே உலவலாம். உரிமம் தேவையில்லை. பயிற்சி தேவையில்லை. "ஒருமுறை சுட்டுக் காட்டு, பார்ப்போம்" என்று கேட்பாரும் இல்லை!

டெக்சாஸ் மட்டுமா? வெர்மான்ட் மாநிலம் என்றைக்குமே உரிமம் கேட்டதில்லை. அலாஸ்கா 2003இலே அந்தப் பாதையில் இறங்கிற்று. அரிசோனா 2010இலே தொடர்ந்தது. பிறகு வரிசை நீண்டது. புளோரிடா 2023, தென் கரோலினாவும் லூசியானாவும் 2024. அந்த ஆண்டின் முடிவிலே கணக்கெடுத்தால், 50 மாநிலங்களிலே 29 இப்படி!

முன்பு இப்படி இல்லை. 1995இலே டெக்சாஸ் சட்டமன்றம் மறைத்து எடுத்துச் செல்லும் உரிமையை முதன்முதலாக வழங்கியபோது, குறைந்தது 10 மணி நேரப் பயிற்சி என்று விதித்தது. 2013இலே அது 4 மணி ஆயிற்று. 2021இலே, விரும்பியோர்க்கு மட்டும் என்று ஆயிற்று. பத்து நான்காகி, நான்கு சூன்யமான கதை இது!

அந்தத் தேர்வுதான் என்ன, மலையைப் புரட்டும் வேலையா? 50 ரவைகள். 3 கஜத்திலிருந்து 20, 7 கஜத்திலிருந்து 20, 15 கஜத்திலிருந்து 10. மொத்தம் 250 புள்ளிகள். 175 எடுத்தால் தேர்ச்சி. மூன்று கஜம் என்பது ஒரு சிறு அறையின் அகலம். அந்தத் தொலைவிலே குறி வைக்கத் தெரிகிறதா என்று கேட்பதும் கொடுமை என்கிறார்கள்!

எதிர்த்தரப்பாரை எள்ளி நகையாடிவிட்டு நகர நாம் விரும்பவில்லை. அவர்களிடமும் கண்ணீர் இருக்கிறது, காரணமும் இருக்கிறது.

1991இலே டெக்சாசின் கில்லீன் நகரத்து உணவு விடுதியிலே ஒரு கொடியவன் 23 பேரைச் சுட்டுக் கொன்றான். அங்கிருந்த சுசானா ஹப் என்ற பெண்மணியின் தாயும் தந்தையும் அந்த 23 பேரிலே அடங்குவர். அவரிடம் கைத்துப்பாக்கி இருந்தது. ஆனால் அன்றைய சட்டம் தடுத்ததால் அதை வண்டியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். பின்னாளிலே சட்டமன்ற உறுப்பினராகி, தம் துயரத்தை நாடெங்கும் எடுத்துச் சொன்னார். அந்த மகளின் முன்னே நின்று, "உனக்கு எதற்கம்மா துப்பாக்கி?" என்று கேட்க நமக்கு நா எழாது.

2022 ஜூலையிலே இண்டியானா மாநிலம் கிரீன்வுட் நகரின் வணிக வளாகத்திலே ஒருவன் மூவரைச் சுட்டு வீழ்த்தினான். அங்கிருந்த 22 வயது இளைஞர் ஒருவர் தம் கைத்துப்பாக்கியை எடுத்துச் சுட்டு அவனைச் சாய்த்தார். உரிமம் தேவையில்லை என்ற சட்டம் அந்த மாநிலத்திலே நடைமுறைக்கு வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. "பார்த்தீர்களா? பயிற்சிச் சான்றா அங்கே உயிர்களைக் காத்தது?" என்று கேட்கிறார்கள்.

நாமும் கேட்கிறோம்: அந்த இளைஞர் சுடத் தெரியாதவரா? பட்டாளத்திலே பயிலவில்லை, போலீசிலே பயிலவில்லை, உண்மை. ஆனால் பாட்டனார் பக்கத்திலே நின்று பழக்கிவிட்டிருந்தார். கற்றிருந்தார், அதனால் காத்தார்! ஒரு பாட்டனார் செய்த பணியை, பாட்டனார் இல்லாத பிள்ளைக்கு அரசு செய்யட்டும் என்பதுதான் நமது வாதம்.

கற்றவர்க்கே கை நடுங்கும் வேளை உண்டு. 2012 ஆகஸ்டிலே, நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் முன்னே, கொலை செய்துவிட்டுத் துப்பாக்கியுடன் நின்ற ஒருவனைப் போலீசார் இருவர் எதிர்கொண்டனர். 16 ரவைகள் சுட்டனர். அவன் மாண்டான், அதோடு, வழியிலே போன 9 பேர் காயமுற்றனர். ஒன்பது பேரும் போலீசாரின் ரவைகளாலும் அவற்றின் சிதறல்களாலும் அடிபட்டவர்கள்! அந்நகரப் போலீசைப் பற்றி ராண்ட் ஆய்வு நிறுவனம் 2008இலே தந்த அறிக்கை, எதிரியும் திருப்பிச் சுடுகிற சண்டையிலே, போலீசார் சுட்டவற்றில் 100க்கு 18தான் குறியிலே பட்டன என்றது. தொழிலாகக் கொண்டு பயின்றவர்களின் நிலை இது. தாளிலே கூட ஒருமுறை சுட்டுப் பார்க்காதவன், கூட்டத்தின் நடுவே, குலை நடுங்க, கண் மங்கச் சுடுகிற ரவை எங்கே போகும்? எவர் வீட்டுப் பிள்ளையின் மார்பைத் தேடும்?

"அரசியல் சட்டம் தந்த உரிமை, அதற்குப் பரீட்சை வைக்க நீ யார்?" என்பார்கள். 1791இலே சேர்க்கப்பட்ட அந்த இரண்டாவது திருத்தத்தின் தொடக்கமே, ஒழுங்குற அமைந்த மக்கள் படையைப் பற்றியது. அடுத்த ஆண்டிலேயே, 1792இலே, அந்தப் படைக்குச் சட்டம் செய்தார்கள்: 18 முதல் 45 வயது வரையுள்ளோர் துப்பாக்கியோடு வர வேண்டும், பயிற்சிக்கும் வர வேண்டும்! இது தனி மனிதனின் உரிமை என்று 2008இலே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரி, ஆனால் அது எல்லையற்ற உரிமை அல்ல என்றும் அதே தீர்ப்பு சொல்லிற்று. 2022 ஜூனிலே, நியூயார்க்கின் பழைய உரிமச் சட்டத்தை அதே நீதிமன்றம் வீழ்த்தியது. அப்போதும், பாதுகாப்புப் பயிற்சியிலே தேற வேண்டும் என்று கேட்கும் மாநிலச் சட்டங்கள் செல்லாதென்று அது சொல்லவில்லை. அவை காவலுக்கு மாறாக, காலதாமதமாகவோ கட்டணக் கொள்ளையாகவோ ஆகிவிடக் கூடாது என்றுதான் எச்சரித்தது.

அந்த எச்சரிக்கையை நாம் வரவேற்கிறோம். ஏன்?

1792ஆம் ஆண்டுச் சட்டம் யாரை அழைத்தது தெரியுமா? வெள்ளை ஆண்மகனை மட்டும்! 1865இலே மிசிசிப்பி மாநிலம், அடிமைத்தளை அறுந்த கருப்பின மக்களைப் பார்த்து, "அதிகாரிகளின் உரிமம் இன்றித் துப்பாக்கி தொடாதே" என்றது. 1956இலே மான்ட்காமெரி நகரில் மார்ட்டின் லூதர் கிங் வீட்டிலே வெடிகுண்டு வீசினார்கள், மனைவியையும் மழலையையும் காக்க அவர் உரிமம் கேட்டார், மறுத்தார்கள்! வாக்குச் சாவடியிலும் 'எழுத்தறிவுத் தேர்வு' என்று வேலி போட்டு, கருப்பரை விரட்டியவர்கள்தானே அவர்கள்! 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வந்தல்லவா அந்த வேலி வீழ்ந்தது.

ஆகவே, 'தேர்வு' என்றதும் ஐயம் எழுவது இயல்பு. நமக்கும் எழும். 'தகுதி', 'திறமை' என்ற சொற்களைக் காட்டித்தானே நம் வீட்டுப் பிள்ளைகளைக் கல்லூரி வாசலிலே நிறுத்தினார்கள்! "நுழைவுத் தேர்வு கூடாது என்று முழங்கும் நீங்கள், துப்பாக்கிக்கு மட்டும் தேர்வு கேட்பது என்ன நியாயம்?" என்று நண்பர்கள் வினவக்கூடும்.

நியாயம் இருக்கிறது. வாசலிலே வைக்கும் தேர்வு வேறு. கற்று முடித்தபின் வைக்கும் தேர்வு வேறு. முன்னது, உள்ளே வராதே என்று விரட்டுவது; பின்னது, கற்றது கைக்கு வந்ததா என்று காண்பது. மருத்துவக் கல்லூரியின் கதவை ஏழைக்கு அடைக்காதே என்றோம். படித்துத் தேறாமலே அறுவைக் கத்தியைப் பிடிக்கட்டும் என்று ஒருநாளும் சொன்னதில்லை! மேலும், கல்லூரியிலே இடம் சில, கேட்போர் பலர். இங்கே இடத்துக்குப் பஞ்சமில்லை. ஒருவன் தேறினால் மற்றொருவன் தள்ளப்படுவதில்லை. இன்று தவறினவன் அடுத்த வாரம் வரலாம்.

எனவே நாம் சொல்லும் வழி இது. பயிற்சி கட்டாயம், ஆனால் கட்டணம் அரசினுடையது. நியூயார்க்கிலே 16 மணி நேர வகுப்பும் 2 மணி நேரச் சுடுபயிற்சியும் கேட்கிறார்கள், கேட்பதிலே தவறில்லை, அதற்குரிய நூற்றுக்கணக்கான டாலரை ஏழைத் தொழிலாளியின் தலையிலே கட்டுவதுதான் தவறு. இரவுக் காவல் பார்க்கும் கருப்பினத் தாய்க்கும், மாளிகைவாசிக்கும் ஒரே இலக்கு, ஒரே மதிப்பெண். முகத்தைப் பார்த்து மறுக்கும் அதிகாரம் எந்த அதிகாரிக்கும் வேண்டாம். தேறினால், குறித்த நாளுக்குள் உரிமம்!

இன்னொன்று. 2016இலே மின்னசோட்டாவிலே, பள்ளிக்கூடச் சமையற்கூடத்திலே பணிபுரிந்த கருப்பினத்தவர் ஒருவரின் வண்டியைப் போலீசார் மறித்தனர். பயிற்சி கேட்கும் மாநிலம் அது. அவரிடம் உரிமமும் இருந்தது. "என்னிடம் துப்பாக்கி இருக்கிறது" என்று பணிவோடு சொன்னார். சொன்ன சில நொடிகளிலே சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் மறு ஆண்டிலே விடுதலையானார்! குடிமகனுக்குத் தேர்வு வைக்கும் அரசு, தன் சீருடைக்காரனின் நெஞ்சிலே நிறவெறி இருக்கிறதா என்றும் சோதித்தாக வேண்டும்.

துப்பாக்கி வைத்திருப்பவனின் உரிமையைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறார்கள். துப்பாக்கி இல்லாமல், பால் வாங்கவும் பேருந்துக்கு நிற்கவும் அதே வீதிக்கு வருகிறவனுக்கும் ஓர் உரிமை உண்டு: பக்கத்திலே நிற்பவனின் கை பழகிய கைதான் என்று நம்பி நடக்கும் உரிமை. அந்த உரிமைக்கு 50 ரவைகளும் ஒரு பிற்பகலும் அதிக விலையா? அமெரிக்கச் சட்டமன்றங்கள் பதில் சொல்லட்டும்!